பாராசூட் திறக்கவில்லை என்றால்? சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊர் சேலம், அம்மாப்பேட்டை. அப்பா பட்டு நெய்தவர். நான் வெளிநாட்டில் ஒரு ஸ்கைடைவிங் தளத்தில் ரிக்கராக இருக்கிறேன். ரிக்கர் என்றால் பாராசூட்டைச் சோதித்து, தைத்து, மடித்து, ‘இதை நம்பிக் குதிக்கலாம்’ என்று கையெழுத்துப் போடுகிறவர். நானும் குதிப்பேன், இதுவரை அறுநூற்றுச் சொச்சம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கல்யாணப் பந்தியிலும் ஏற்காட்டு பஸ்ஸிலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும். டேண்டம், அதாவது பயிற்சியாளரோடு பிணைத்துக்கொண்டு, குதிக்க ஆசைப்படும் காலேஜ் பிள்ளைகளும், அவர்களை அனுப்பத் தயங்கும் பெற்றோரும்தான் அதிகம் கேட்பார்கள். அவர்களுக்காக நிதானமாக எழுதியிருக்கிறேன். இது குதிப்பதற்கான பாடம் அல்ல. அதைப் பயிற்சியாளரிடம் நேரில்தான் கற்க வேண்டும்.

பாராசூட் திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்றைத் திறப்போம். ஸ்கைடைவிங்கில் யாரும் ஒற்றைப் பாராசூட்டோடு விமானம் ஏறுவதில்லை. முதலில் திறப்பது மெயின். அது கைகொடுக்காவிட்டால் ரிசர்வ். ரிசர்வைத் திறக்கும் நிலை ஆயிரம் குதிப்புக்கு ஒரு முறை வரும் என்று இந்தத் துறையில் பொதுவாகச் சொல்வார்கள்.

ஆனால் கேட்பவர் மனத்தில் இருக்கும் படம் வேறு. பை திறக்கவே இல்லை, ஆள் கல் மாதிரி விழுகிறார் என்று நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும், அபூர்வமாக. அந்த நிலையில் முடிவெடுப்பது சுலபம். தலைக்கு மேலே ஒன்றுமில்லை, ரிசர்வை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். தலைக்கு மேலே ஏதோ ஒன்று இருக்கும்போதுதான் கஷ்டம். முக்கால்வாசி விரிந்து நிற்கும் துணி, ‘கொஞ்சம் பொறு, சரியாகிவிடும்’ என்று ஆசை காட்டும். அந்த ஆசையில் போகிற உயரம் திரும்பி வராது. கீழே நான் சொல்லப்போகும் சாதனங்கள் எல்லாமே, மீதமிருக்கும் உயரத்துக்குள் இன்னொரு வாய்ப்பைத் தருவதற்காகச் செய்யப்பட்டவைதான்.

முதுகில் இருக்கும் அந்தப் பையில் என்னதான் இருக்கிறது?

மொத்தத்தையும் ரிக் என்போம். எடை பத்து முதல் பதினான்கு கிலோ வரும். தோள், மார்பு, இரண்டு தொடை ஆகியவற்றைச் சுற்றி வரும் நைலான் வார்ப்பட்டைகள்தான் ஹார்னஸ். முதுகுப் பையில் இரண்டு அறைகள். மேலறையில் ரிசர்வ், கீழறையில் மெயின். மெயினைத் திறக்கும் கைப்பிடி பைக்கு அடியில், வலது பக்கம் இருக்கும். நெஞ்சின் வலது பக்கம் இருப்பது மெயினைக் கழற்றிவிடும் கைப்பிடி, பெரும்பாலும் சிவப்பு. அதை இழுப்பதைக் கட்அவே என்போம். நெஞ்சின் இடது பக்கம் இருப்பது ரிசர்வ் கைப்பிடி. இவை தவிர உள்ளே ஒரு சின்ன மின்னணுக் கருவி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாராசூட் துணி பட்டுதானே?

இதை அம்மாப்பேட்டைக்காரர்கள்தான் கேட்பார்கள், எனக்கும் பிடித்த கேள்வி. ஒரு காலத்தில் பட்டுதான். 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் ஓஹையோவில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, காற்றில் விழுந்துகொண்டே தன் கையால் கயிற்றை இழுத்துத் திறந்தாரே, அந்தக் காலத்துப் பாராசூட்டுகள் பெரும்பாலும் பட்டு. அவருடைய நிறுவனம், பாராசூட்டால் உயிர் தப்பிய விமானிகளுக்குத் தங்கத்தில் ஒரு புழு வடிவ ஊசியைப் பரிசளித்தது. அவர்களுடைய சங்கத்துக்கே கேட்டர்பில்லர் கிளப் என்று பெயர். உயிரைக் காப்பாற்றியது பட்டுப்புழு நூற்ற நூல் அல்லவா, அந்த நன்றிக்கடன். வெண்பட்டுக்குப் பெயர்போன ஊரில் பிறந்தவனுக்கு இதைப் படித்தபோது மனம் நிறைந்துபோனது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பட்டு வரத்து நின்றது. 1942-ல் அடலின் கிரே என்ற பெண் நைலான் பாராசூட்டில் குதித்துக் காட்டினார். அன்றிலிருந்து நைலான்தான்.

ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கட்டங்கள் தெரியும். பாவிலும் ஊடையிலும் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழையைக் கொடுத்து நெய்திருப்பார்கள். எங்காவது கிழிந்தால் கிழிசல் அந்தத் தடித்த இழை வரை ஓடி நின்றுவிடும். அப்பாவிடம் ஒரு துண்டு கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “இழை ஒவ்வொன்றுக்கும் நடுவில் காற்றுப் போக வழியே இல்லையே, எப்படி அடித்தான்?” என்றார். சரியான இடத்தைத்தான் தொட்டார். பழைய வகைத் துணியில் இழைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று ஊடுருவும். சில நூறு குதிப்புக்குப் பிறகு துணி தளர்ந்து ஊடுருவல் கூடும், பாராசூட் சோர்ந்து இறங்கும். இப்போதைய மெயின்களில் சிலிக்கோன் பூச்சு கொடுத்து அதை அடைத்துவிடுகிறார்கள். ரிசர்வ்களில் பெரும்பாலும் இன்னும் பழைய வகைத் துணிதான். மடிக்க வாகானது, ஆண்டுக்கணக்கில் மடிப்பிலேயே கிடந்தாலும் நம்பிக்கையாகத் திறக்கும்.

நைலானுக்குப் பெரிய எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் கண்ணுக்குத் தெரியாமலே வலுவிழக்கும். சேலத்து மொட்டை மாடியில் சித்திரை மாதம் பாராசூட்டைக் காயப்போடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. ஈரமாகிவிட்டால் நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது திறந்தால் உடம்பு என்னாகும்?

நல்ல கேள்வி. வயிறு பூமியைப் பார்க்க விழுந்தால் வேகம் 190 முதல் 200 கிலோமீட்டருக்குள் நிலைபெறும். அந்த வேகத்தில் துணி ஒரே நொடியில் விரிந்தால் துணியும் கிழியும், ஆளும் தாங்க மாட்டார்.

அதனால் திறப்பதையே படிப்படியாகச் செய்கிறார்கள். பைலட் சூட் என்ற சின்னக் குடையைக் கையால் காற்றில் வீசுவோம். அது காற்றைப் பிடித்து, ஒரு நாடாவை இழுக்கும். நாடாவில் இருக்கும் ஊசி பையின் பூட்டை விடுவிக்கும். உள்ளே துணி இன்னொரு சின்னப் பைக்குள் இருக்கும், அது வெளியே வந்து, ரப்பர் வளையங்களில் சொருகியிருக்கும் கயிறுகள் ஒவ்வொரு கொத்தாக உருவிக்கொண்டு நீளும். கயிறு முழுக்க நீண்ட பிறகுதான் துணி வெளியே வரும்.

அப்போதும் உடனே விரியாது. கயிறுகளெல்லாம் ஒரு செவ்வகத் துணியின் நாலு மூலை வளையங்கள் வழியாகப் போகின்றன. அதன் பெயர் ஸ்லைடர். மடிக்கும்போது அதை மேலே, துணியை ஒட்டி நிறுத்துவோம். துணி விரியப் பார்க்கும், காற்று ஸ்லைடரை மேலேயே அழுத்திப் பிடிக்கும். இரண்டும் மல்லுக்கட்டி, ஸ்லைடர் மெல்ல மெல்லக் கீழே இறங்க, அதற்கேற்ப துணி விரியும். மொத்தம் மூன்று நான்கு வினாடி. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துணி. இதை நினைத்துக் கண்டுபிடித்த மூளையை எத்தனை முறை மடித்தாலும் நான் வியக்காமல் இருந்ததில்லை.

இப்போதைய பாராசூட் வட்டக் குடை அல்ல, சிறகு. டோமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்கிறவர் 1964-ல் உருவாக்கிய வடிவம். மேல்துணி, கீழ்த்துணி, நடுவில் அறைகள். முன்வாய் வழியாகக் காற்றுப் புகுந்து அறைகளை உப்ப வைக்கும். அதனால்தான் திசை திருப்பவும், தரைக்குப் பக்கத்தில் பிரேக் எனப்படும் இரண்டு திருப்பும் கைப்பிடிகளையும் இழுத்து மெத்தென்று இறங்கவும் முடிகிறது.

கோளாறு வந்தால் யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

போன விடுமுறையில் ஒன்று செய்து பார்த்தேன். குதிக்கும்போது மணிக்கட்டில் கட்டும் உயரமானியை வீட்டில் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஏற்காடு பஸ் ஏறினேன். அடிவாரம் வரை முள் அசையவே இல்லை. முதல் கொண்டை ஊசி வளைவிலிருந்து மெல்ல ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்து, கியர் மாற்றி, பஸ் முனகிக்கொண்டே ஏறும். இருபது வளைவும் முடிந்து ஏரிக்கரையில் இறங்கியபோது முள் 3,500 அடியைத் தாண்டி நின்றது. அடிவாரத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

விமானத்திலிருந்து விழுகிறவர் அதே உயரத்தைச் சுமார் 20 வினாடியில் கடந்துவிடுவார். இருபது வளைவு, இருபது வினாடி. வளைவுக்கு ஒரு வினாடி. என் மாணவர்களுக்கு ஆயிரம் அடிக்கு ஐந்தரை வினாடி என்று சொன்னால் மண்டையில் ஏறாது. சேலத்துக்காரருக்கு இப்படிச் சொன்னால் வயிற்றிலேயே புரியும்.

இதை வைத்துத்தான் விதிகள். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி மாணவர்களும் புதிதாக உரிமம் வாங்கியவர்களும் 3,000 அடிக்கு மேலேயே பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும். கோளாறு என்றால் 2,500 அடிக்கு இறங்குவதற்குள் ‘கழற்றுவதா வேண்டாமா’ என்று முடிவெடுத்துவிட வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த முடிவு உயரம் 1,800 அடி. அதற்குக் கீழே போய் யோசிப்பது ரிசர்வ் திறப்பதற்கான இடத்தைத் தின்பது.

என்னென்ன கோளாறுகள் வரும்?

பெரிதாக இரண்டு வகை. முதல் வகையில் வேகமே குறையாது. கைப்பிடி கிடைக்கவில்லை, அல்லது பைலட் சூட் வெளியே வந்தும் காற்றைப் பிடிக்காமல் நாடாவில் துவண்டு இழுபடுகிறது, அல்லது சின்னப் பை வெளியே வந்தும் துணியை விடாமல் பூட்டிக்கொள்கிறது. பைலட் சூட் துவளுவதற்கு ஒரு பொதுவான காரணம், மடிக்கும்போது அதன் நடு நாடாவை இழுத்துத் தயார் செய்ய மறப்பது. மறந்தோமா இல்லையா என்று பார்க்க நாடாவில் ஒரு சின்னச் சாளரம் வைத்து, தயாரானால் அதில் வண்ண நூல் தெரியும்படி செய்திருக்கிறார்கள். நான் அந்த நூலைப் பார்த்து வாய்விட்டு “பச்சை” என்று சொன்ன பிறகுதான் பையை மூடுவேன்.

இரண்டாவது வகையில் துணி விரிந்திருக்கும், ஆனால் சரியாக இருக்காது. கயிறுகள் ஊஞ்சல் சங்கிலி மாதிரி முறுக்கிக்கொள்ளலாம். ஒரு கயிறு துணிக்கு மேலே போய் அதை இரண்டாக மடக்கலாம். ஸ்லைடர் பாதியில் நிற்கலாம். கயிறுகள் தமக்குள் சிக்கி முடிச்சு விழலாம். ஒரு பக்கத்து பிரேக் தானாக விடுபட்டு பாராசூட் ஒரே பக்கமாகச் சுற்றலாம். எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே பார்த்துக் கேட்க வேண்டியது சின்னக் கேள்விதான். முழுசாக விரிந்திருக்கிறதா? ஆடாமல் நிற்கிறதா? நான் திருப்பினால் திரும்பி, இழுத்தால் வேகம் குறைகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இறங்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், முடிவு உயரம் வரை சரிசெய்யப் பார்த்துவிட்டுக் கழற்ற வேண்டும்.

இரண்டிலும் சேராத இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பயம் தருவது. விமானத்தின் கதவருகே நிற்கும்போது பைலட் சூட் நழுவி வெளியே போய்விடுவது. பாராசூட் வெளியே திறந்து, ஆளை விமான வாலின் மீது இழுத்தடிக்கும். அதனால்தான் பை மூடும் வளையக் கயிறு தளர்ந்திருந்தால் மாற்றச் சொல்லி நச்சரிக்கிறோம், கதவு திறக்கும் முன் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கிறோம்.

உங்களுக்கு நடந்திருக்கிறதா?

ஒருமுறை. என் 312-வது குதிப்பு. 3,000 அடியில் திறந்தேன். விரிந்த கையோடு வலது பக்கம் வெட்டித் திரும்பியது. நான் மேலே பார்ப்பதற்குள் கயிறு முறுக்கிக்கொண்டது. மூன்று முறுக்கு, அப்புறம் நான்கு. தோளிலிருந்து மேலே போகும் பட்டைகள் பிடரியை அழுத்தியதில் தலையை நிமிர்த்தக்கூட முடியவில்லை. பட்டைகளை விலக்கிப் பிடித்துக் காலை உதைத்து முறுக்கை அவிழ்க்கப் பார்த்தேன். ராட்டினம் மாதிரி சுற்றுவது வேகமானதே தவிர அவிழவில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன். 2,000. பயிற்சியில் தினமும் செய்தது அப்படியே வந்தது. கண்ணால் சிவப்பைப் பார், கையால் பிடி, இழு. சட்டென்று எல்லாம் நின்றது. சுற்றல் இல்லை, சத்தம் இல்லை, ஒரு நொடி வெறும் விழுதல். வெள்ளி நிற ரிசர்வ் கைப்பிடியை நான் இழுத்து முடிப்பதற்குள் தலைக்கு மேலே ரிசர்வ் விரிந்திருந்தது.

கீழே வந்து மெயினைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இடது பிரேக் கைப்பிடியைப் பட்டையில் முழுதாகச் சொருகாமல் விட்டிருக்கிறேன். திறந்த அதிர்ச்சியில் வலது பிரேக் பூட்டியபடியே இருக்க, இடது விடுபட்டுவிட்டது. பாராசூட் தன்பாட்டுக்குத் திரும்ப அது போதும். அன்று நாலாவது விமானத்தைப் பிடிக்க அவசரமாக மடித்தேன். ஐந்து வினாடி வேலை அது. என் ரிசர்வை மடித்திருந்த ரிக்கருக்கு அடுத்த முறை ஊரிலிருந்து போகும்போது ஏற்காட்டுக் காப்பித்தூள் ஒரு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றுவரை ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறேன்.

அவ்வளவு எடையைத் தாங்கும் பாராசூட்டை ஒரு கைப்பிடியால் எப்படிக் கழற்ற முடிகிறது?

மூன்று வளையங்கள். அமெரிக்காவின் பில் பூத் 1970-களில் கண்டுபிடித்தது. பெரிய வளையம் ஹார்னஸில், நடுத்தரமும் சின்னதும் பாராசூட்டின் பட்டையில். பெரியதற்குள் நடுத்தர வளையத்தை நுழைத்து மடக்கி, அதற்குள் சின்னதை நுழைத்து மடக்கி, கடைசியில் ஒரு நூல் வளையத்தால் பிடித்து, அதற்குள் ஒரு வழவழப்பான கேபிளைச் செருகிவிடுவார்கள். நெம்புகோல் தத்துவம்தான். ஒவ்வொரு வளையத்திலும் சுமை பல மடங்கு குறைந்து, கடைசி நூலுக்கு வந்து சேரும்போது விரலால் தாங்கும் அளவுதான் மிச்சம். சிவப்புக் கைப்பிடி கேபிளை உருவினால் நூல் விடும், மூன்று வளையமும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு கழன்றுகொள்ளும்.

பட்டையின் துணி விறைத்துப்போனால் வளையம் புரள்வது தாமதமாகும். அதனால் அவ்வப்போது கழற்றி, பட்டையைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து இளக்கி, கேபிளைத் துடைத்துவிட்டு மாட்டுவோம். பத்து நிமிட வேலை. பலர் செய்வதில்லை, எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

மயங்கிவிட்டால் தானாகத் திறக்குமாமே, அது இருந்தால் போதாதா?

தானியங்கித் திறப்பான், சுருக்கமாக ஏஏடி. முன்பே சொன்ன மின்னணுக் கருவி இதுதான். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்குப் போடும். 1991-ல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் கொண்டுவந்த சைப்ரஸ் கருவிதான் இதைப் பரவலாக்கியது. அதன் வழக்கமான மாடல், சுமார் 750 அடியில் நீங்கள் இன்னும் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் பையைப் பூட்டியிருக்கும் கயிற்றை ஒரு குட்டிக் கத்தியால் வெட்டிவிடும். எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருப்பதற்கு அது காரணம்.

போதுமா என்றால் போதாது. 750 அடி என்பது அந்த வேகத்தில் நாலு வினாடிச் சொச்சம், நம் கணக்கில் நாலு கொண்டை ஊசி வளைவு. எல்லாக் கதவும் மூடிய பிறகு திறக்கும் கடைசி ஜன்னல் அது. இன்னொன்று, பாதி விரிந்து சுற்றும் பாராசூட்டில் இறங்கும் வேகம் 35 மீட்டரை எட்டாமல் போகலாம். அப்போது கருவி ‘இவர் பாராசூட்டில்தான் இருக்கிறார்’ என்று சும்மா இருந்துவிடும். கழற்றும் முடிவு மனிதருடையது.

இன்னும் ஒன்று, மலைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. இந்தக் கருவி எங்கே ஆன் செய்தீர்களோ அதைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். ஏற்காட்டில் தங்கியிருந்து, அங்கேயே ஆன் செய்துவிட்டு, கீழே சமவெளியில் குதிக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தத் தரை அளவு மாறாமல் இருந்தால் சமவெளியிலிருந்து சுமார் 4,250 அடி உயரத்தில், நீங்கள் நிம்மதியாக விழுந்துகொண்டிருக்கும்போதே, ரிசர்வை வெட்டிவிடும். மாறாகக் கீழே ஆன் செய்து மலை மேல் இறங்கும் குதிப்பு என்றால், தரை வந்த பிறகும் கருவி தன் உயரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஆகவே குதிக்கும் தளத்துக்கு வந்த பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். நடுவில் வேறு ஊருக்குப் போய்வந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

உங்கள் கதையில் ரிசர்வ் தானாகவே வந்ததே, அது ஏஏடியா?

இல்லை. அது ஆர்எஸ்எல் என்ற ஒரு நாடா. மெயின் பட்டையையும் ரிசர்வ் ஊசியையும் இணைத்திருக்கும். மெயின் கழன்று போகும்போதே ஊசியை உருவிக்கொண்டு போகும். இதிலேயே இன்னும் மேம்பட்ட வடிவத்தில், கழன்று போகும் மெயினே ரிசர்வை இழுத்து வெளியே எடுக்கும். அப்படி இருந்தாலும் வெள்ளிக் கைப்பிடியை இழுத்தே ஆக வேண்டும் என்றுதான் கற்றுத்தருவோம்.

இரண்டும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால்?

தாமதமாக மெயினைத் திறந்து, ஏஏடியும் வேலை செய்துவிட்டால் இப்படி ஆகும். ஒன்றன் பின் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கத்திலோ அமைதியாக நின்றால் பெரும்பாலும் கழற்றாமல் மெதுவாகத் திருப்பி இறங்கச் சொல்வார்கள். இரண்டும் எதிரெதிராக விலகித் தரையை நோக்கிப் பாய்ந்தால் மெயினை உடனே கழற்ற வேண்டும். எந்த நிலையில் என்ன என்பதைத் தரையில் தொங்கவிட்டுப் பழக்குவார்கள்.

பாராசூட் நன்றாகத் திறந்தும் சிலர் இறந்துபோகிறார்களே, ஏன்?

பத்திரிகைச் செய்தியில் ‘பாராசூட் கோளாறு’ என்று ஒரே வரியில் போய்விடுகிற விஷயம் இது. அனுபவசாலிகள் பலரைக் கொன்றது முழுசாக விரிந்த, எந்தக் குறையும் இல்லாத பாராசூட்தான். தரைக்குப் பக்கத்தில் கூர்மையாகத் திருப்பினால் பாராசூட் மூக்கைக் கவிழ்த்து வேகம் பிடிக்கும். அது மறுபடி நிமிர உயரம் வேண்டும், அந்த உயரம் அங்கே இருக்காது. குறுக்கே மாடோ ஆளோ வந்துவிட்டதென்று பதறித் திருப்புகிறவர்களும் உண்டு, வேகமாக இறங்கும் ஆசையில் திருப்புகிறவர்களும் உண்டு.

பாராசூட் சின்னதாக இருந்தால் எல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். 75 கிலோ ஆள், 12 கிலோ சாதனம், மொத்தம் 87 கிலோ, அதாவது 192 பவுண்டு. மாணவருக்குத் தரும் 230 சதுர அடிப் பாராசூட்டில் சதுர அடிக்கு 0.83 பவுண்டு. அதே ஆள் 120 சதுர அடியில் தொங்கினால் 1.6. முதலாவது தவறை மன்னிக்கும், இரண்டாவது மன்னிக்காது. சின்னப் பாராசூட்டுக்கு மாற ஆசைப்பட்டு என்னிடம் வரும் இளைஞர்களிடம் ஒரு வருடம் பொறு தம்பி என்றுதான் சொல்வேன்.

காற்றும் ஒரு காரணம். சேலத்தைச் சுற்றிப் பாருங்கள். வடக்கே சேர்வராயன் மலை, நகரமலை, தெற்கே சருகுமலை, மேற்கே கஞ்சமலை. மலையில் மோதி இறங்கும் காற்று மறுபக்கத்தில் சுருண்டு புரளும். அந்தச் சுருளுக்குள் போனால் பாராசூட் ஒரு பக்கம் மடங்கலாம். கோடை நண்பகலில் வெறும் செம்மண் காட்டிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றும் சுழிக்காற்றும் அதையே செய்யும். இதமான காலையில் குதிப்பவர்கள் சூடு ஏறியதும் நிறுத்திவிடுவது அதனால்தான். உயரமான இடத்தில் காற்று மெலிவு. ஏற்காட்டு உயரத்தில் அதே பாராசூட் கடல் மட்டத்தைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொடும்.

ஏற்காட்டில் பகோடா பாயின்டிலிருந்து குதிக்க முடியாதா?

முடியாது, கூடாது. நான் பேசுவது விமானத்திலிருந்து குதிப்பது. மலை விளிம்பிலிருந்து பறப்பது பாராகிளைடிங், அது வேறு சாதனம். தரையிலேயே சிறகை விரித்து, காற்று நிரப்பி, ஓடிக் கிளம்புவார்கள். அந்தச் சிறகை 200 கிலோமீட்டர் வேகத்தில் திறந்தால் கயிறுகள் அறுந்துவிடும். ஸ்கைடைவிங் பாராசூட்டை மலையிலிருந்து கிளப்பினாலோ சரசரவென்று இறங்கிப் பாறையில் கொண்டுவிடும்.

ரிசர்வை யார் மடிப்பது? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மெயினை அவரவரே மடிக்கலாம். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர் மட்டுமே தொட வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை, பயன்படுத்தாவிட்டாலும், பிரித்துச் சோதித்து மடிக்க வேண்டும். 2008-க்கு முன் 120 நாள். மற்ற நாடுகளில் காலக்கெடு வேறுபடும்.

மடித்து முடித்ததும் ஊசியின் மேல் மெல்லிய சிவப்பு நூலைச் சுற்றி, ஒரு குட்டி ஈய வில்லையை நசுக்கி முத்திரை போடுவேன். அதில் என் அடையாள எழுத்து இருக்கும். நூல் அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு ரிசர்வுக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். கடைசியில் மேசை மேல் இருக்கும் கருவிகளை எண்ணுவேன். எண்ணிக்கை குறைந்தால், ஒரு இடுக்கி உள்ளே மாட்டியிருக்கலாம் என்று, முழுதையும் பிரிப்பேன். ஒருமுறை பிரித்தும் இருக்கிறேன். இடுக்கி சட்டைப் பையில் இருந்தது. பிரித்ததற்காக வருத்தப்படவில்லை.

டேண்டம் போகப் போகிறேன். நான் எதைப் பார்க்க வேண்டும்?

டேண்டம் என்றால் பயிற்சியாளரோடு உங்களைப் பிணைத்துக் குதிப்பது. சேலத்தில் நிரந்தரத் தளம் இல்லை. நம் நாட்டில் ஹரியானாவின் நார்னௌல் போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். இரண்டு பேர் எடை சேர்ந்தால் வேகம் கூடும் என்பதால், குதித்த சில வினாடியில் ஒரு சின்ன இழுவைக் குடையை விட்டு, ஒற்றை ஆள் விழும் வேகத்துக்கே கொண்டுவருவார்கள். டேண்டம் ஏஏடியும் 1,900 அடி அளவிலேயே வேலை செய்யும்.

கூச்சப்படாமல் கேளுங்கள்: ரிசர்வ் கடைசியாக என்றைக்கு மடித்தது? ஏஏடி ஆன் ஆகியிருக்கிறதா? அட்டையில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். கோபப்படாமல் எடுத்துக் காட்டுகிற இடம் நல்ல இடம். ஹார்னஸில் தொடைப்பட்டை இறுக்கமாக இருக்கட்டும், உட்கார்ந்து எழுந்த பிறகு தளர்ந்தால் சொல்லுங்கள். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நாலு இடத்தில் பயிற்சியாளரோடு உங்களை மாட்டுவார்கள். மாட்டும் சத்தத்தை நீங்களும் எண்ணுங்கள். காற்று சரியில்லை, இன்று வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பணத்தையும் லீவையும் நினைத்து வாதாடாதீர்கள்.

தலையில் கேமரா மாட்டிக்கொள்ளலாமா?

டேண்டத்தில் வேண்டாம். தனியாகக் குதிப்பவர்கள் குறைந்தது 200 குதிப்பு முடித்த பிறகே மாட்டலாம் என்று அமெரிக்க சங்கம் பரிந்துரைக்கிறது. கயிறு போய் மாட்டிக்கொள்ள கேமரா ஒரு கொக்கி, கவனத்தைத் திருடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

எண்ணிக்கையில் சொல்லுங்கள், எவ்வளவு ஆபத்து?

அமெரிக்காவில் 2023-ல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், 10 மரணங்கள். லட்சத்துக்கு 0.27. 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேல் இறந்தார்கள், அதுவும் இன்றைவிடக் குறைவானவர்களே குதித்த காலத்தில். மூன்று வளையமும் ஏஏடியும் ஆர்எஸ்எல்லும் நல்ல பயிற்சியும் சேர்ந்து செய்த வேலை இது. ஆபத்தே இல்லை என்று பிள்ளையின் அம்மாவிடம் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். இந்த எண்ணைச் சொல்லி, என்னென்ன சோதிக்கிறோம் என்று காட்டிவிட்டு, முடிவை அவர்களிடம் விட்டுவிடுவேன்.

இணையத்தில் பழைய ரிக் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு ரிக்கர் கையில் கொடுத்து முழுதும் பிரிக்கச் சொல்லுங்கள். கயிறு ஸ்பெக்ட்ரா வகை என்றால் ஸ்லைடர் உரசும் சூட்டில் வருடக்கணக்கில் சுருங்கும். ஓரக் கயிறும் பிரேக் கயிறும்தான் அதிகம் சுருங்கும், அதனால் பாராசூட் எப்போதும் பிரேக் பிடித்தபடியே பறக்கும். வெக்ட்ரான் கயிறு சுருங்காது, ஆனால் நைந்துபோய்ச் சொல்லாமல் அறும். வளையங்களில் துரு, பட்டைத் தையலில் நிறம் வெளுத்தல், ஏஏடியின் காலாவதி தேதி இவற்றையும் பார்க்க வேண்டும். அப்புறம் மெயின், ரிசர்வ், ஹார்னஸ் மூன்றின் வரிசை எண்களையும் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்புகளில் அந்த எண்கள் வருகின்றனவா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.